ஜார்ஜ்டவுன் தொழில்முனைவோர் விழாவுக்கு வாலண்டியரா போறேன், எந்த வேலைய கேட்டு வாங்கறது?

பாயான்_பையன்

எல்லாருக்கும் வணக்கம். நான் பினாங்குல, பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரில டெக்னீஷியன், 12 மணி நேர ஷிப்டு. அடுத்த மாசம் ஜார்ஜ்டவுன்ல சனி ஞாயிறு ரெண்டு நாள் ஒரு விழா நடக்குது, சின்ன யாவாரம் பண்றவங்க ஸ்டாலு, கைவேல பொருளு, ஸ்கூல் பசங்க செஞ்ச ரோபோ, பிள்ளைங்களுக்கு பட்டறை, மேடைல பேச்சுன்னு எல்லாம் ஒரே இடத்துல. வாலண்டியர் வேணும்னு ஃபாரம் அனுப்பியிருக்காங்க, எனக்கு அந்த வாரம் ஆஃப் டே விழுது, போலாம்னு இருக்கேன்.

சும்மா போகல. வீட்ல ஒரு 3டி பிரிண்டர் வெச்சிருக்கேன், வேல் கீசெயின், கொலு பொம்மைக்கு ஸ்டாண்டு, சாமி மேடைக்கு லைட்டு இப்படி செஞ்சு தெரிஞ்சவங்களுக்கு குடுத்துக்கிட்டு இருக்கேன், அடுத்த வருஷம் நானே ஒரு மேச எடுத்து விக்கலாமான்னு ஒரு ஆச, அதுக்கு முன்னாடி உள்ள எப்படி ஓடுதுன்னு பாத்துக்கலாம்ல. எங்கம்மா என்னடான்னா "சம்பளம் இல்லாம எவன் மேசைய தூக்கப் போற"ன்னு ஒரே பாட்டு.

ஃபாரத்துல ரெஜிஸ்ட்ரேஷன், மேடை, ஸ்டால் உதவி, பட்டறை, லாஜிஸ்டிக், சோஷியல் மீடியான்னு போட்டு ரெண்டு டிக் பண்ண சொல்றாங்க. எத டிக் பண்றது? முன்னாடியே என்னென்ன கேட்டுக்கணும்? மலாய் நல்லா வரும், இங்கிலீஷ் ஓட்டிடுவேன், இங்க சீனங்க பேசற ஹொக்கியன் சுத்தமா தெரியாது. போனவங்க சொல்லுங்க.

ஊசி_நூல்

தம்பி, நான் பட்டர்வொர்த். பழைய சேலைல பை, பர்ஸ் தைச்சு விக்கிறேன், இந்த மாதிரி விழாவுல மேசைக்கு அந்தப் பக்கம் நிக்கிற ஆளு. அதனால என் பக்கத்துலேர்ந்து சொல்றேன்.

ஸ்டால் உதவிய டிக் பண்ணு. என்ன மாதிரி தனி ஆளா வர்றவங்கதான் பாதிக்கு மேல இருப்பாங்க. காலைல 8 மணிக்கு ஃபெர்ரிய புடிச்சு ரெண்டு டிராலி பேக்க இழுத்துக்கிட்டு வந்து மேச விரிச்சா, அப்புறம் சாயங்காலம் வரைக்கும் நகர முடியாது. டாய்லெட் போகணும்னா பக்கத்து ஸ்டால்காரங்ககிட்ட கெஞ்சணும், அவங்களுக்கும் கூட்டம் இருக்கும்ல. ஒரு வாலண்டியர் வந்து "அக்கா, நான் பத்து நிமிஷம் ஸ்டால ஜாகா பண்றேன், பாத்துக்கறேன், நீங்க போய் சாப்ட்டுட்டு வாங்க"ன்னு சொன்னா போதும், அந்தப் பிள்ளைய நான் சாமியா கும்பிடுவேன். ஆனா வர்றவங்க என்னா பண்றாங்க தெரியுமா, கையில டேப்லெட்ட வெச்சுக்கிட்டு, நான் ஒரு கஸ்டமர்கிட்ட வெல பேசிக்கிட்டு இருக்கும்போது "ஆண்டி ஒரு சர்வே, அஞ்சு கேள்விதான்"ன்னு வந்து நிப்பாங்க. கஸ்டமர் பைய கீழ வெச்சுட்டு போயிடுவாங்க. ஆர்கனைசர் சொல்லி அனுப்புறாரு, பிள்ளைங்கள குத்தம் சொல்ல முடியாது, இருந்தாலும் கடுப்பாதான் இருக்கும்.

ஸ்டால ஜாகா பண்ணும்போது ரெண்டு விஷயம் மட்டும் கவனி. டுயிட்நவ் கியூஆர்ல, அதான் போன்ல ஸ்கேன் பண்ணி அனுப்பறதுல, காசு போட்டுட்டு கஸ்டமர் அவர் ஸ்கிரீன காட்டுவாரு, அத பாத்துட்டு பொருள குடுத்துராத. கடக்காரங்க போன்ல வந்துச்சான்னு பாரு. பழைய ஸ்கிரீன்ஷாட்ட காட்டிட்டு போற ஆளுங்க இருக்காங்க, கூட்ட நேரத்துல யாரும் தேதிய பாக்கறதில்ல. கடக்காரங்க போன கையோட எடுத்துட்டு போயிட்டா, அவங்க வர்ற வரைக்கும் கேஷ் மட்டும் வாங்கறேன்னு சொல்லிடு. இன்னொன்னு, வெலைய நீயா கொறைக்காத. "நான் வாலண்டியர், ஓனர் வந்துருவாங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லு, வேணுங்கறவங்க நிப்பாங்க.

சாப்பாட்டு ஸ்டால்ல கை வெக்க சொன்னா மாட்டேன்னு சொல்லிடு தம்பி. சாப்பாட்ட தொட்டு வேல செய்யறவங்க ஃபுட் ஹேண்ட்லர் கோர்ஸ் போயிருக்கணும், டைபாய்டு ஊசி போட்டிருக்கணும், 2009 வருஷத்து ஃபுட் ஹைஜீன் சட்டத்துல இருக்கு. செக்கிங் வந்தா மாட்டறது கடக்காரங்க.

அடுத்த வருஷம் மேச எடுக்கறதா இருந்தா இப்பவே ஒரு ஞாயித்துக்கெழம ஹின் பஸ் டிப்போ பக்கம் போய் பாரு. அந்தக் காலத்து பஸ் டிப்போ, 2014லேர்ந்து ஆர்ட் நடக்குற இடமா மாத்திட்டாங்க, ஞாயித்துக்கெழம பாசார் (சந்தை) போடுவாங்க. யார் மேசைல கூட்டம் நிக்குது, ஏன் நிக்குதுன்னு ஒரு ஓரமா நின்னு பாத்தாலே பாதி வெளங்கிடும். யாவாரத்த பதியற அரசாங்க ஆபீஸ் எஸ்எஸ்எம்ல பதிஞ்சிடு, சொந்த பேர்ல வருஷத்துக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), கடைக்கு தனியா பேர் வெச்சா 60 வெள்ளி. நெறைய ஆர்கனைசருங்க மேச குடுக்கறதுக்கு முன்னாடி அதத்தான் கேக்கறாங்க.

சோறுதான்_முக்கியம்

நான் கொஞ்சம் எதிர்பாட்டு பாடறேன், கோச்சுக்காதீங்க. தம்பி, உங்கம்மா சொல்றதுல ஞாயம் இருக்கு.

மொதல்ல அந்த விழாவ நடத்துறது யாருன்னு பாரு. கம்பத்துல நாலு பேரு சேந்து, ஸ்கூல் பிஐபிஜி (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) சேந்து, கோயில் மண்டபத்துல நடத்துறாங்கன்னா போ, சந்தோஷமா போ, நானும் வரேன். ஆனா உள்ள வர டிக்கெட்டு, ஸ்டாலுக்கு வாடக, மேடைக்கு பின்னால பேனர் முழுக்க ஸ்பான்சர் லோகோ, அப்படின்னா அது யாவாரம் லா. யாவாரத்துக்கு ஆள் வேணும்னா சம்பளம் குடுக்கணும். நம்ம நாட்ல கொறஞ்ச சம்பளம் 2025 பிப்ரவரிலேர்ந்து மாசம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 72 காசு. காலைல 7லேர்ந்து ராத்திரி 9 வரைக்கும் ரெண்டு நாள், நீயே கணக்கு போட்டுக்கோ. அதுக்கு பதிலா ஒரு டீ சட்டையும் சிஜிலும் (சர்டிபிகேட்).

நான் ஒரு மால்ல நடந்த ஃபேருக்கு போனேன், பேரு வேணாம். ரெஜிஸ்ட்ரேஷன்னு சொல்லித்தான் கூப்டாங்க, கடைசில ராத்திரி லோரி வர்ற வரைக்கும் நாற்காலி அடுக்குனோம், தப்பாவ் பண்ண (பொட்டலம் கட்டுன) சாப்பாடு மத்தியானம் 3 மணிக்கு வந்துச்சு, அதுலயும் பத்து பொட்டலம் கொறவு. இன்சார்ஜுன்னு இருந்தவரு போன எடுக்கவே இல்ல.

ஃபாரம் போடறதுக்கு முன்னாடி வாட்ஸ்ஆப்லயே கேளு: என் இன்சார்ஜ் யாரு, எத்தன மணிக்கு சாப்பாடு, எத்தன மணிக்கு என்ன விடுவீங்க, அடிபட்டா இன்சூரன்ஸ் இருக்கா. பதில எழுத்துல வாங்கு. "அன்னிக்கு பாத்துக்கலாம் ப்ரோ"ன்னு வந்துச்சுன்னா வீட்ல படுத்து தூங்கு.

பாயான்_பையன்

அக்கா ரொம்ப நன்றி, டாய்லெட் விஷயமெல்லாம் என் மண்டைல ஏறவே இல்ல. அண்ணே, நீங்க சொன்னத அப்படியே கேட்டுட்டேன். டிக்கெட் இல்ல, ஃப்ரீ என்ட்ரி, ஆனா ஸ்பான்சர் இருக்காங்க. ஷிப்டு 6 மணி நேரம், காலைல ஒரு செட்டு சாயங்காலம் ஒரு செட்டுன்னு எழுதி அனுப்புனாங்க. இன்சூரன்சுக்கு மட்டும் பதில் இல்ல.

பட்டறைக்கு போனா என்னா வேல இருக்கும்? பிள்ளைங்களுக்கு சோல்டரிங் இருக்காம்.

கம்பி_மாமா

சோல்டரிங்னு சொன்னதும் வந்துட்டேன். அய்யா, உன் தொழிலே அதுதானே, பட்டறைய டிக் பண்ணாம வேற எத பண்ணுவ? பாயான் லெப்பாஸ்ல 1972ல ஃப்ரீ டிரேட் ஸோன் வந்த காலத்துலேர்ந்து நம்ம வீட்டு பொம்பளைங்க எத்தன பேரு மைக்ரோஸ்கோப்புல குனிஞ்சே முதுக ஒடிச்சவங்க, ஆனா அந்த வீட்டு பிள்ளைங்களுக்கு ஒரு சோல்டரிங் அயர்ன எப்படி புடிக்கறதுன்னு தெரியாது. பினாங்குல 28 தமிழ்ப்பள்ளி இருக்கு, அறிவியல் போட்டின்னா நம்ம பசங்க முன்னாடி நிக்கிறாங்க, இந்த மாதிரி விழாவுக்கு மட்டும் கொறைவாத்தான் வராங்க. மேசைல தமிழ் பேசற ஒரு ஆள் நின்னா வெட்கப்பட்டு ஒதுங்கி நிக்கிற பிள்ள கிட்ட வரும். இத நான் கண்ணால பாத்தவன்.

மேச எப்படி இருக்கும்னா, பெரும்பாலும் எல்ஈடி பேட்ஜ். ஒரு சின்ன போர்டு, ரெண்டு எல்ஈடி, ஒரு சிஆர்2032 காயின் பேட்டரி, 3 வோல்ட்டு. நீளமான காலு பிளஸ், குட்டக் காலு மைனஸ், மாத்தி போட்டா எரியாது அவ்ளோதான், ஒண்ணும் கெட்டுடாது, அதனால பிள்ள மாத்தி போட்டா உடனே புடுங்கி நீயே சரி பண்ணாத, "ஏன் எரியல?"ன்னு கேட்டு விடு. அயர்ன் முனை 350 டிகிரி கிட்ட இருக்கும். புடிக்கற கைய விட சும்மா இருக்கற அடுத்த கைதான் சுடு வாங்கும், ஏன்னா பிள்ளைங்க அந்தக் கையால போர்ட அமுக்கி புடிப்பாங்க. போர்ட ஒரு கிளிப்புல மாட்டி வெச்சிடு. ஒரு நேரத்துல ஒரு ஆளுக்கு ரெண்டு பிள்ளைக்கு மேல வேணாம், ஆர்கனைசர் அஞ்சு பேர உக்கார வெக்க சொன்னாலும் முடியாதுன்னு சொல்லு. பொக போறதுக்கு ஒரு ஃபேன், முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவணும், ஈயம் இல்லாத கம்பின்னு சொன்னாலும் கழுவ வை.

இப்ப முக்கியமான விஷயம். பேட்டரிய எண்ணு. காலைல எத்தன, பேட்ஜ்ல போனது எத்தன, மிச்சம் எத்தன. அக்கா பேட்ஜ் செய்யறப்போ தம்பி பாப்பா மேசைக்கு கீழ ஊர்ந்துக்கிட்டு இருக்கும், பளபளன்னு ஒண்ணு கெடந்தா வாயிலதான் போகும். காயின் பேட்டரி தொண்டைல மாட்டுனா ரெண்டு மணி நேரத்துலயே உள்ள வெந்து புண்ணாயிடும். எண்ணிக்க ஒண்ணு கொறஞ்சாலும் பட்டறைய நிறுத்திட்டு தேடு, வரிசைல நிக்கறவங்க மொனகுனா மொனகட்டும்.

இந்த மாதிரி மேக்கர் விழாங்கறது 2006ல கலிபோர்னியால சான் மட்டேயோங்கற ஊர்ல ஆரம்பிச்சது, அங்கயும் விக்கறத விட செஞ்சு காட்டறதுதான் பெருசு. உன் பிரிண்டரையும் கேட்டுப்பாரு, மேச ஓரத்துல ஓட விட்டா வேல் கீசெயின் கண்ணு முன்னாடி வளர்றத பாக்கவே கூட்டம் நிக்கும். அடுத்த வருஷத்து கஸ்டமரு அவங்கதான்.

மிண்டன்_பொண்ணு

யூஎஸ்எம் யூனிவர்சிட்டில படிக்கறேன், லாஜிஸ்டிக் டீம்ல இருந்திருக்கேன். யாரும் எங்கள பத்தி பேசலையே அதான் வந்தேன், ஹஹா.

அண்ணா, சோஷியல் மீடியாவ மட்டும் டிக் பண்ணாதீங்க. ஏசி ரூம்ல உக்காந்து போஸ்ட் போடலாம்னு நெனச்சுதான் எல்லாரும் அத எடுக்கறாங்க, நெஜத்துல உங்க போன், உங்க டேட்டா, உங்க பவர்பேங்க், விழா முடிஞ்சும் ஒரு வாரத்துக்கு "அந்த போட்டோ அனுப்புங்க, இந்த வீடியோ வெட்டி குடுங்க"ன்னு மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கும்.

லாஜிஸ்டிக்னா மேச தூக்கறதுன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க, பாதி நாள் கரெண்டு சண்டதான். ஒரு 13 ஆம்பியர் பிளக்குல 3,000 வாட்டு வரைக்கும்தான் தாங்கும். வாஃபிள் மெஷினு, தண்ணி கேத்தலு, ஏர் ஃப்ரையர்னு மூணு ஸ்டால்காரங்க ஒரே எக்ஸ்டென்ஷன்ல சொருகுவாங்க, டப்புனு அந்த வரிசையே போயிடும், அப்ப நடுவுல ரோபோ காட்டிக்கிட்டு இருந்த பையனோட லேப்டாப்பும் போயிடும், அவன் அழுவான். நாங்க முந்தின நாளே ஒவ்வொரு ஸ்டாலா போயி பொருளுக்கு பின்னால ஒட்டியிருக்கற வாட்ட பாத்து எழுதி, சூடு பண்ற சாமானெல்லாம் வேற வேற பாயிண்டுக்கு பிரிச்சு விட்டோம். கேபிள் ரீல்னா முழுசா அவுத்துடணும், சுருட்டுனபடியே லோடு குடுத்தா உள்ள சூடாகி உருகும். நீங்க டெக்னீஷியன், உங்கள மாதிரி ஒரு ஆள் டீம்ல இருந்தா நாங்க நிம்மதியா மீ கோரெங் சாப்டுவோம்.

வெளிய கெனோப்பின்னா (கூடாரம்) கால்ல தண்ணி டின்னோ மண் மூட்டையோ கட்டியிருக்கான்னு காலைலயே பாத்துடுங்க. சுமத்ரா காத்து விடியக்காலைல வந்துச்சுன்னா ராத்திரி போட்டு வெச்ச கெனோப்பி எல்லாம் பறந்து எவன் காடி (காரு) மேலயாச்சும் கெடக்கும்.

மோட்டர்ல வாங்க, காடி வேணாம். டவுனுக்குள்ள சுத்தறதுக்கு கேட் பஸ் ஃப்ரீதான்.

சோறுதான்_முக்கியம்

6 மணி நேர ஷிப்டுன்னு எழுத்துல குடுத்தாங்கன்னா அந்த ஆளுங்க பரவால்ல, நான் வாபஸ் வாங்கிக்கறேன். இன்சூரன்ஸ இன்னொரு வாட்டி கேளு, சோல்டரிங் மேச இருக்கற எடத்துல பப்ளிக் லயபிளிட்டி இல்லாம ஹால்காரனே சாவி குடுக்க மாட்டான், அதனால இருக்கும், சொல்லாம விட்டிருப்பாங்க. வாலண்டியருக்கும் அது சேருமான்னு கேளு, வர்ற கூட்டத்துக்கு மட்டும்னு சில பேரு எடுப்பாங்க.

மத்தபடி அந்த பேட்டரி எண்ற விஷயம் எனக்கே புதுசு மாமா.

பாயான்_பையன்

முடிவு பண்ணிட்டேன். பட்டறையும் லாஜிஸ்டிக்கும் டிக் பண்ணிட்டேன், சனிக்கெழம காலைல சோல்டரிங் மேச, ஞாயித்துக்கெழம கரெண்டு பாயிண்டு. ஊசிநூல் அக்கா கோச்சுக்காதீங்க, ஸ்டால் உதவிய டிக் பண்ணலன்னாலும் என் பிரேக்ல வந்து ஒங்க மேசைய ஜாகா பண்றேன், நீங்க அந்த விழாவுக்கு வர்றீங்களா? அம்மாகிட்ட 6 மணி நேரம்தான்னு சொன்னதும் "சரி, நாலு பேர பாத்துட்டு வா"ன்னுட்டாங்க.

கடைசியா ஒண்ணு. அன்னிக்கு புரட்டாசி சனி. சாப்பாடு குடுக்கறாங்கன்னு சொன்னாங்க, சைவம்னு சொன்னா வெளங்குமா?

மிண்டன்_பொண்ணு

வெறும் வெஜிடேரியன்னு சொன்னா நாசி லெமாக்ல கோழிய மட்டும் எடுத்துட்டு நெத்திலி சம்பலோட குடுப்பாங்க, அனுபவம் பேசுது. மீன் கூடாது, நெத்திலி கூடாது, பெலாச்சான் (எறா விழுது) கூடாது, முட்ட சாப்டுவீங்களா மாட்டீங்களான்னு தனித்தனியா எழுதி அனுப்புங்க. சைனீஸ் சைவக் கடைலேர்ந்து எடுக்க சொன்னா அவங்களுக்கும் லேசு. பேக்ல ஒரு ரொட்டிய போட்டுக்கோங்க.

ஊசி_நூல்

வரேன் தம்பி, மேச நம்பர் இன்னும் குடுக்கல. ரொட்டியெல்லாம் வேணாம், நானும் புரட்டாசிதான், ரெண்டு பேருக்கும் சேத்து தயிர் சாதம் கட்டிட்டு வரேன். நீ ஒரு மணிக்கு வந்து பத்து நிமிஷம் நின்னா போதும்.