பார்க்கில் யாருக்கு எத்தனை மணி: சேர்க்கையைப் பிரித்தால் பிள்ளைகளின் நடத்தை திருந்துமா?

மயூர்விஹார்_மீனா
கிழக்கு தில்லியில் ஒரு சொசைட்டி. வரும் ஞாயிறு ஆர்.டபிள்யூ.ஏ. (குடியிருப்போர் நலச் சங்கம்) கூட்டத்தில் ஒரு தீர்மானம் ஓட்டுக்கு வருகிறது. உள்ளே இருக்கும் பார்க்கில் மாலை 5 முதல் 7 வரை ஃபிளாட் பிள்ளைகள் மட்டும் விளையாடலாமாம். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், காவலாளிகள், இஸ்திரி போடுகிறவர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கு 3 முதல் 5. சொல்லப்படும் காரணம்: 6 முதல் 10 வயதுப் பிள்ளைகள் பார்க்கிலிருந்து இந்திக் கெட்ட வார்த்தைகளைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். எதிர்த்து மனு எழுதலாமா, வேண்டாமா என்று பேச்சு நடக்கிறது. சேர்க்கையைப் பிரித்தால் நடத்தை திருந்துமா? விஷயம் தெரிந்தவர்கள் ஆதாரத்தோடு சொல்லுங்கள்.

துவாரகா_ஸ்ரீராம்
தீர்மானத்தை ஆதரிக்கிறேன். எனக்குப் பணம் ஒரு காரணமே இல்லை, சேர்க்கைதான் காரணம். தில்லியில எந்தத் தமிழ் வீட்டை வேணும்னாலும் பாருங்க. அம்மா, அப்பா, பாட்டி எல்லாரும் தமிழ்லதான் பேசுவாங்க. குழந்தை நர்சரிக்கும் பார்க்குக்கும் போக ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல கேள்வி தமிழ்ல போகும், பதில் இந்தியில வரும். உளவியலாளர் ஜூடித் ரிச் ஹாரிஸ் 1995-ல் சைக்கலாஜிக்கல் ரிவ்யூ இதழ்ல எழுதின கட்டுரையோட அடிப்படையே இதுதான். குடியேறினவங்களோட பிள்ளைங்க பெத்தவங்க உச்சரிப்பை விட்டுட்டுக் கூட்டாளிங்க உச்சரிப்பைப் பிடிச்சுக்கிறாங்க. வீட்டுக்கு வெளியே எப்படி நடந்துக்கணும்கிறதையும் கூட்டாளிங்ககிட்டதான் கத்துக்கிறாங்க. தாய்மொழியையே மாத்துற கூட்டம் வாய்ப் பேச்சை மாத்தாதா? பூவோட சேர்ந்த நார் மணக்கும்னு நம்ம பாட்டிங்க சும்மா சொல்லலை.

ஆர்கேபுரம்_பள்ளிஆலோசகர்
ஸ்ரீராம் சார், கூட்டாளிகளின் பலத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்கும் கேள்விக்கு நம் தில்லியிலேயே நேரடியான ஆய்வு நடந்திருக்கிறது. அரசிடம் சலுகை விலையில் நிலம் வாங்கிய தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கியே ஆகவேண்டும் என்ற விதி 2007-ல் இங்கே நடைமுறைக்கு வந்தது. சில வகுப்புகளில் ஏழைப் பிள்ளைகள் இருந்தார்கள், அதற்கு மேல் வகுப்புகளில் இல்லை. அந்த வித்தியாசத்தை வைத்து கௌதம் ராவ் என்ற பொருளியலாளர் செய்த ஆய்வு 2019-ல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூவில் வெளியானது.

உங்களுக்குச் சாதகமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழைப் பிள்ளைகளோடு படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகளில், பள்ளியில் கெட்ட வார்த்தை பேசியதாகக் குறிக்கப்பட்டவர்களின் பங்கு கூடியது: முன்பு நூற்றுக்குச் சுமார் 23 பேர் என்றால், இன்னும் 7 பேர் கூடினார்கள். ஆங்கில மதிப்பெண்ணும் சற்றுக் குறைந்தது. ஆனால் வகுப்பைக் குலைப்பது, அடிதடி இரண்டிலும் மாற்றமே இல்லை. இன்னொரு பக்கம், தன்னிடம் உள்ளதைப் பகிர்வது, தொண்டுக்கு முன்வருவது இரண்டும் கூடின.

அதில் ஒரு ரிலே ஓட்டப் பந்தயம் உண்டு. வேகமாக ஓடும் ஏழைப் பிள்ளை, மெதுவாக ஓடும் பணக்காரப் பிள்ளை, இருவரில் யார் உன் அணிக்கு? ஜெயித்தால் பரிசுப் பணம். ஆனால் அணியில் சேர்த்தவரோடு பிறகு சேர்ந்து விளையாடவும் வேண்டும். பரிசு 500 ரூபாய் என்றால் 6 சதவீதம் பேர்தான் ஏழைப் பிள்ளையை ஒதுக்கினார்கள். 50 ரூபாய் என்றால் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஒதுக்கினார். அதாவது ஒதுக்குவது மலிவாக இருந்தால் ஒதுக்குகிறார்கள். முன்பே ஏழைப் பிள்ளைகளோடு பழகியவர்களிடம் இந்த ஒதுக்கல் 12 சதவீதப் புள்ளிகள் குறைவு. ஒரே பாடக்குழுவில் பக்கத்தில் உட்கார்ந்து பழகியதுதான் பெரிய பங்கு வகித்தது.

ஒரு தட்டில் நாலு கெட்ட வார்த்தை, இன்னொரு தட்டில் சக மனிதரை மதிக்கும் குணம். எது வீட்டில் திருத்தக்கூடியது என்று பாருங்கள்.

துவாரகா_ஸ்ரீராம்
அப்போ கெட்ட வார்த்தை தொத்துதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. இன்னொண்ணு, அது பள்ளிக்கூடம். டீச்சர் இருக்காங்க, மணி அடிக்கும், இருக்கை போட்டுத் தர்றாங்க. பார்க்ல யாரு இருக்கா? ஆயாக்கள் ஒரு பெஞ்ச், பெரியவங்க வாக்கிங். கும்பலாச் சேர்ந்தா பிள்ளைங்க ஒருத்தரை ஒருத்தர் கெடுப்பாங்கன்னு டிஷியன், மெக்கார்ட், பூலின்னு மூணு ஆய்வாளர்கள் 1999-லயே எழுதியிருக்காங்க.

லோதிகாலனி_ஜெயந்தி
அந்தக் கட்டுரையை முழுசாப் படிச்சா அது தீர்மானத்துக்கு எதிராத்தான் நிக்கும்.

அதுல வர்ற கேம்பிரிட்ஜ்–சோமர்வில் திட்டம், பையன்கள் குற்ற வழிக்குப் போகாமத் தடுக்கிறதுக்காக 1939-லேர்ந்து 1945 வரை அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல நடந்தது. பையன்களை ஜோடி ஜோடியாப் பொருத்தி, ஒருத்தனுக்கு ஆலோசனை, டியூஷன், கோடை முகாம் எல்லாம் தந்தாங்க. இன்னொருத்தனுக்கு ஒண்ணும் தரலை. சுமார் முப்பது வருஷம் கழிச்சு ஜோன் மெக்கார்ட் 253 ஜோடிகளைத் தேடிப் பார்த்தாங்க. உதவி வாங்கினவங்க நிலைமை மோசமா இருந்துச்சு. அதுலயும் கோடை முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல போனவங்கதான் ரொம்ப மோசம். பதின்வயசுப் பையன்கள் பேசிக்கிறதை வீடியோ எடுத்தும் டிஷியன் பார்த்திருக்கார். ஒருத்தன் விதிமீறலைப் பத்திச் சொன்னதும் இன்னொருத்தன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்புதான் கூலி. எந்த ஜோடியில விதிமீறலுக்கு மட்டும் சிரிப்பு கிடைக்குதோ, அந்த ஜோடிதான் பின்னாடி சிக்கல்ல மாட்டுது.

இதுல முக்கியமான நிபந்தனை ரெண்டு. ஒண்ணு, ஏற்கெனவே சிக்கல்ல இருக்கிற பிள்ளைகளை ஒரே இடத்துல குவிக்கிறது. ரெண்டு, வயசு: பதின்பருவத் தொடக்கம். உங்க பார்க்ல இருக்கிறது 6–10 வயசுப் பிள்ளைங்க, ஏழைங்க, அவ்வளவுதான். ஏழைன்னா சிக்கல்ல இருக்கிறவன்னு எந்தக் கணக்குல சேர்த்தீங்க? மே மாசத்துல 3 மணிக்கு தில்லி பார்க்ல சறுக்குமரத் தகட்டுல கை வெச்சுப் பாருங்க, கொப்புளம் வந்துடும். அந்த நேரத்தை ஒரு பிள்ளைக்கு ஒதுக்கிக் கொடுக்கிறதுக்குப் பேர் நேரம் ஒதுக்குறது இல்லை.

ஹாரிஸ் சொன்னதுலயும் ஒரு பாதி விட்டுப் போச்சு. பிள்ளைங்க எல்லாரையும் காப்பி அடிக்க மாட்டாங்க, 'நாங்க'ன்னு எந்தக் கூட்டத்தை நினைக்கிறாங்களோ அதைத்தான் காப்பி அடிப்பாங்க. கூட்டாளி மாத்துறானா, இல்ல தன்னை மாதிரி ஆளைத் தேடிப் போறானாங்கிற கேள்வியும் இருக்கு. டெனிஸ் காண்டல் 1978-ல் பள்ளி மாணவர்கள்ல அளந்து பார்த்தப்போ ரெண்டும் ஏறக்குறைய சமம்.

கரோல்பாக்_வாசு
கெட்ட வார்த்தை எங்கேர்ந்து வருதுங்கறதுலயே எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. காலையில நொய்டா லிங்க் ரோடு சிக்னல். பச்சை விழறதுக்கு முன்னாடியே பின்னாடி ஹார்ன், பக்கத்துல ஒரு ஆட்டோ மூக்கை நுழைக்குது. ஸ்டீயரிங்ல கை, வாய்ல என்ன வருது? பின் சீட்ல யாரு? பார்க்ல கேக்கறது விளையாட்டுப் பையன் வாயில. கார்ல கேக்கறது அப்பா வாயில, உண்மையான கோபத்தோட. பாண்டுராங்கற உளவியலாளர் 1961-ல் 72 குழந்தைகளை வெச்சுச் செஞ்ச பொம்மைச் சோதனை இதைத்தான் காட்டுச்சு: பெரியவங்க அடிச்சதைப் பாத்த பிள்ளைங்க அதே மாதிரி அடிச்சாங்க, சொன்ன வசனத்தையே திருப்பிச் சொன்னாங்க. 1965-ல் இன்னொண்ணு செஞ்சார். அடிச்ச ஆளுக்குத் திட்டு விழறதைப் பாத்த பிள்ளைங்க கம்மியாத்தான் செஞ்சு காட்டினாங்க. ஆனா பரிசு தர்றேன்னதும் அவங்களும் மத்தவங்களுக்குச் சமமா அத்தனையும் செஞ்சு காட்டினாங்க. கத்துக்கறது வேற, செய்யறது வேற. தில்லியில வளர்ற பிள்ளைக்கு அந்த வார்த்தைகள் தெரியாமப் பாத்துக்க முடியாது. எங்க, எப்போ வாயில வருதுங்கறதைத்தான் மாத்த முடியும்.

செய்யற முறை: ரெண்டு வாரம் ஒரு நோட்டுல மூணு பத்தி போட்டு எழுதுங்க. சொல்றதுக்கு முன்னாடி என்ன நடந்தது, என்ன சொன்னான், யாரு எப்படி நடந்துக்கிட்டாங்க. எழுதி முடிச்சா ரெண்டுல ஒண்ணு தெரியும். சிரிப்பு வாங்கறதுக்காகச் சொல்றான், இல்ல கோபத்துல சொல்றான்.

சிரிப்புக்காகன்னா வீட்டுல இருக்கற அத்தனை பேரும் முகத்துல சலனமே இல்லாம இருக்கணும். முதல் சில நாள் அதிகமாவே சொல்லுவான், சத்தமாச் சொல்லுவான். இங்கதான் பெரும்பாலானவங்க பயந்து கைவிட்டுடறாங்க. ஆனா முறை வேலை செய்ய ஆரம்பிச்சதுக்கு அதுதான் அடையாளம். அந்த நேரம் பாட்டி ஒரே ஒரு தடவை வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாப் போச்சு. எப்பவாவது கிடைக்கற பரிசுக்குத்தான் பழக்கம் ரொம்ப நாள் நிக்கும். கோபத்துலன்னா மாற்று வார்த்தை வேணும். சும்மா 'சொல்லாதே'ன்னா அந்த இடம் காலியா இருக்கும், பழைய வார்த்தையே வந்து உக்காந்துக்கும். 'சே', 'அநியாயம்டா', இப்படி வாய் நிறையற ஒண்ணைச் சொல்லிக் கொடுங்க. அர்த்தத்தையும் ஒரே வரியில சொல்லிடணும்: "அது ஒருத்தரோட அம்மாவைக் கேவலப்படுத்தற பேச்சு." ஆறு வயசுப் பிள்ளைக்கு அது தெரிஞ்சிருக்காது. நாக்குல மிளகாய் தேய்க்கறது, அறையறது ரெண்டும் கொடுமை. அதால வார்த்தையும் போகாது, உங்க காது கேக்காத இடத்துக்குப் போய்ச் சொல்லுவான்.

மயூர்விஹார்_மீனா
வாசு அண்ணா, இது மனுவில் வைக்க முடியாது, ஆனால் எல்லா வீட்டிலும் ஒட்டி வைக்க வேண்டியது. ஆலோசகர் மேடம், ஒரு சந்தேகம். நேரத்தை மட்டும்தானே பிரிக்கிறோம், பிள்ளைகளிடம் தாழ்வாக எதுவும் சொல்லவில்லையே என்று தீர்மானம் கொண்டுவந்தவர்கள் கேட்கிறார்கள். அதற்கு என்ன பதில்?

ஆர்கேபுரம்_பள்ளிஆலோசகர்
பார்க் வாசலில் நேரம் எழுதி மாட்டுகிற பலகையே சொல்லிவிடும், மீனா. ரெபெக்கா பிக்லரும் சக ஆய்வாளர்களும் 1997-ல் வெளியிட்ட சோதனை இதுதான். 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பில் நீலச் சட்டையும் மஞ்சள் சட்டையும் கொடுத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர் நிறத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. அங்கே பெரிதாக எதுவும் நடக்கவில்லை. மற்ற வகுப்புகளில் நிறத்தை வைத்து வரிசை நிறுத்தினார், இருக்கை போட்டார், நிறத்தின் பெயரைச் சொல்லி அழைத்தார். எந்த நிறம் உயர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அங்கே தன் நிறமே உசத்தி என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிட்டது.

சட்டைக்கே இப்படி. 5 மணிக்குக் காவலாளி தன் மகனையே கேட்டுக்கு வெளியே அனுப்புவதை ஃபிளாட் பிள்ளை தினமும் பார்த்தால் என்ன கற்றுக்கொள்ளும்? பெரியவர்கள் வரைகிற கோட்டில் ஏதோ அர்த்தம் இருப்பதாகத்தான் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். ஒதுக்கீட்டில் வந்த பிள்ளைகளைச் சில பள்ளிகள் மதியம் தனி ஷிப்டில் உட்கார வைத்தபோதும் இதே தவறுதான் நடந்தது. வெளியே அனுப்பப்படும் பிள்ளையின் மனதில் என்ன பதியும் என்பதைத் தீர்மானத்தில் யாருமே கேட்கவில்லை. எனக்கு அதுதான் மிகவும் வலிக்கிறது.

துவாரகா_ஸ்ரீராம்
பலகை விஷயம் எனக்கு உறைக்குது மேடம். 10 வயசு வரைக்கும் பிரிக்க வேண்டாம்னு ஒத்துக்கிறேன். ஆனா 13 வயசுக்கு மேல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கார்ட்னர், ஸ்டைன்பெர்க் 2005 ஆய்வுல கார் ஓட்டுற கம்ப்யூட்டர் விளையாட்டு. மஞ்சள் விளக்கு விழுந்த பிறகும் எவ்வளவு தூரம் ஓட்டுவேங்கிறதுதான் சோதனை. கூட்டாளிங்க கூட இருந்தா 13–16 வயசுக்காரங்க எடுக்கிற ஆபத்து ஏறக்குறைய ரெண்டு மடங்கு. 24 வயசுக்கு மேல வித்தியாசமே இல்லை. பேஸ்மென்ட் பார்க்கிங்ல ராத்திரி 9 மணிக்குக் கும்பலா நிக்கிறவங்களை என்ன செய்றது? சிசிடிவி போட்டு, போன்ல லொகேஷன் பாத்துக்கிட்டே இருக்கணும்.

லோதிகாலனி_ஜெயந்தி
அந்தக் கும்பல்ல நிக்கிறது பெரும்பாலும் ஃபிளாட் பிள்ளைங்கதான், தீர்மானம் அவங்களைத் தொடவே இல்லை. பேஸ்மென்ட்ல வெளிச்சம், ஆள் நடமாட்டம் வேணும்கிறதுல உங்களோட உடன்படுறேன்.

ஆனா லொகேஷன் பாக்கிறது நீங்க நினைக்கிற பலனைத் தராது. ஸ்டாட்டின், கெர் ரெண்டு பேரும் 2000-ல் ஸ்வீடன்ல 14 வயசுப் பிள்ளைங்ககிட்ட ஆய்வு செஞ்சாங்க. பிள்ளை எங்கே போறான், யாரோட இருக்கான்னு பெத்தவங்களுக்குத் தெரிஞ்ச வீடுகள்ல சிக்கல் குறைவு. சரி, அந்தத் தகவல் எப்படி வந்துச்சு? கண்காணிச்சதால இல்லை. பெரும்பாலும் பிள்ளையே வந்து சொன்னதால. அதனால கெட்ட சேதி வர்ற அன்னிக்கு நீங்க எப்படி நடந்துக்கிறீங்கங்கிறதுதான் அடுத்த சேதி வருமா வராதான்னு முடிவு செய்யுது. கேட்ட உடனே போனைப் பிடுங்கினா அன்னியோட கதவு மூடிடும்.

ஜனக்புரி_கோச்
மேற்பார்வை இல்லாத பார்க் என்று ஸ்ரீராம் சார் சொன்னதுதான் உண்மையான ஓட்டை. அதை அடைக்க ஒரு வழி. மாலை 5.30 முதல் 6.30 வரை டென்னிஸ் பந்து கிரிக்கெட், அணிக்கு 8 பேர். கேப்டன்கள் ஆள் பொறுக்கக்கூடாது. பொறுக்கினால் தினமும் அதே பிள்ளைதான் கடைசியில் நிற்கும். 16 ஐஸ் குச்சிகளில் பாதிக்குச் சிவப்பு மை தடவி ஒரு டப்பாவில் போடுங்கள், குலுக்கி எடுக்கட்டும். 8 ஓவர், ஆளுக்கு ஒரு ஓவர் பந்து வீச்சு. பேட்டிங் ஜோடியாக, ஜோடிக்கு 2 ஓவர். அவுட்டானால் 5 ரன் கழியும், ஆனால் ஆட்டத்தில் தொடரலாம். யாரும் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை, அவுட்டா இல்லையா என்ற சண்டையும் பாதியாகும். கெட்ட வார்த்தைக்கும் யார் வாயில் வந்தாலும் 5 ரன். திட்டு இல்லை, பிரசங்கம் இல்லை, ஸ்கோர் பலகையில் ஒரு கோடு.

எங்கே கெடும் என்றால், பேட்டில். பேட் வைத்திருப்பவன் ராஜா, அவன் அவுட்டானால் பேட்டோடு வீட்டுக்குப் போய்விடுவான். ஆகவே 2 பேட், 6 பந்து, ஸ்டம்ப் எல்லாம் சொசைட்டிக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள் பழகினால் மட்டும் போதாது, சம நிலையில் நின்று ஒரே இலக்குக்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், பெரியவர்கள் அதை வெளிப்படையாக ஆதரிக்க வேண்டும் என்று கார்டன் ஆல்போர்ட் 1954-ல் எழுதியது இங்கே அப்படியே பொருந்தும்.

துவாரகா_ஸ்ரீராம்
பொறுப்பாளர் வராத நாள்ல? மழை, கல்யாணம், ஆபீஸ்னு வாரத்துல ரெண்டு நாள் அப்படித்தான் போகும்.

ஜனக்புரி_கோச்
அன்று சாமான் அலமாரி பூட்டியிருக்கும், பார்க் எல்லோருக்கும் திறந்திருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு பெயர் எழுதுங்கள். ஒருவர் ஃபிளாட்டிலிருந்து, இன்னொருவர் அங்கே வேலை செய்கிறவர்களில் ஒருவர். அவருக்கு அந்த ஒரு மணி நேரத்துக்குச் சம்பளம் உண்டு என்பதையும் தீர்மானத்தில் எழுதிவிடுங்கள்.

மயூர்விஹார்_மீனா
திருத்தம் இப்படிப் போகிறது: நேரப் பிரிவு நீக்கம், 5.30–6.30 பொது ஆட்டம். சாமான் சொசைட்டி செலவில். நாளுக்கு இரண்டு பொறுப்பாளர், வேலை செய்பவருக்குச் சம்பளம். பேஸ்மென்ட் விளக்குகள் தனி வரியாக. ஸ்ரீராம் சார், கையெழுத்துப் போடுவீர்களா?

துவாரகா_ஸ்ரீராம்
பேஸ்மென்ட் வரியில 'ராத்திரி 9 மணிக்கு மேல காவலாளி ரெண்டு சுற்று வரணும்'னு சேருங்க. சேர்த்தாப் போடறேன்.