விமானம் மேலெழும்பும்போது மட்டும் அம்மாவுக்குப் பல்வலியும் விறைப்பும்

மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு வயது 58. கட்டுநாயக்காவிலிருந்து அண்ணாவிடம் டோகா போன இரண்டு முறையும், பிளேன் எழும்பிச் சில நிமிடத்தில் இடது மேல் கடைவாய்ப் பல்லில் தாங்க முடியாத வலி. அப்புறம் விரல் நுனிகளும் வாயைச் சுற்றியும் விறைத்துப்போகும். அரை மணித்தியாலத்தில் அடங்கிவிடும். இறங்கும்போது ஒன்றுமில்லை.

பிரஷர், சீனி, ஈசிஜி எல்லாம் சரி. டொபி சப்பியும் பார்த்தார், காதடைப்பு மட்டும் குறைந்தது. அந்தப் பல்லை இரண்டு வருடத்துக்கு முன் அடைத்தது, எக்ஸ்ரே எடுக்கவில்லை.

மேலே போகப் போக கேபின் அழுத்தம் குறைந்து, பல்லிலோ சைனஸிலோ அடைபட்ட காற்று விரியும் என்று வாசித்தேன். விறைப்பு, வலியில் வேகமாக மூச்சு வாங்குவதால் இருக்கலாம். அவர் துடித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

அடுத்த மாதம் திரும்பப் பயணம். முதலில் பல் டொக்டரிடமா, காது மூக்கு தொண்டை டொக்டரிடமா காட்ட வேண்டும்?