ஒன்றரை டன் காய்கறி, பாதி வழி மலை: பொலேரோ பிக்கப்பா, இன்ட்ரா வி30-ஆ?

காய்வண்டி57:
ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இருந்து மதுரை மாட்டுத்தாவணிக்கு வாரம் 4 நாள். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் கேரட், பீன்ஸ், உருளை இறக்க வாரம் 2 நாள். மாதம் சுமார் 5,000 கி.மீ. லோடு 1,300-லிருந்து 1,600 கிலோ, ஒரு பக்கம் காலி.

பழைய வண்டி இரண்டு பார்த்திருக்கிறேன். ஒன்று 2021 பொலேரோ பிக்கப் 1.7 டன், 1,10,000 கி.மீ. ஓடியது. இன்னொன்று 2022 டாடா இன்ட்ரா வி30, 60,000 கி.மீ. இரண்டுமே 17 மைலேஜ் கொடுக்கும் என்கிறார் புரோக்கர். உண்மையில் எவ்வளவு வரும்? பிஎஸ்-6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டியைப் பழையதாக வாங்கினால் என்னென்ன பார்க்க வேண்டும்? இன்ட்ராவுக்குப் பின்னால் ஒரு பட்டை (லீஃப் ஸ்பிரிங் தகடு) சேர்த்துவிட்டால் 1,600 தாங்கும் என்று சொல்கிறார்கள், சரியா?

கணக்கு_நோட்டு:
மைலேஜை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஆர்சியைக் கையில் எடுங்கள். மொத்த எடை என்று ஒன்று, காலி எடை என்று ஒன்று இருக்கும். மொத்தத்தில் காலியைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய லோடு. ஆர்சி போட்ட பிறகு ஆங்கிள், தகடு வைத்து பாடியை உயர்த்திக் கட்டியிருந்தால் அந்த இரும்பின் எடையும் லோடில் இருந்துதான் போகும். அதனால் காலி வண்டியை ஒரு தடவை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். 100, 150 கிலோ கூடுதலாகக் காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இன்ட்ரா வி30-க்கு கம்பெனி சொல்லும் லோடே 1,300 கிலோ. உங்களுக்கு அதுதான் குறைந்தபட்ச லோடு. 1,496 சிசி இன்ஜின், 140 நியூட்டன் மீட்டர் இழுவை. பொலேரோ பிக்கப் 2,523 சிசி, இழுவை சுமார் 200. சமவெளியில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. வத்தலக்குண்டு தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் தெரியும்.

மைலேஜ்: காலி, லோடு, மலை எல்லாம் சேர்த்து 1.7 டன் பொலேரோவுக்கு 11-லிருந்து 13 வரை எதிர்பாருங்கள். வி30-ல் அளவான லோடு என்றால் 15 வரும். 1,600 ஏற்றி மலை ஏறினால் 14-க்கோ அதற்குக் கீழோ இறங்கிவிடும். 17 என்பது காலி வண்டி 50-லேயே போனால் வரும் கணக்கு.

இப்போது ரூபாயில் பாருங்கள். 5,000 கி.மீ.க்கு 12 என்றால் 417 லிட்டர், 14 என்றால் 357 லிட்டர். வித்தியாசம் 60 லிட்டர். டீசல் 93 ரூபாய் என்று வைத்தால் மாதம் 5,600 ரூபாய்க்குள். ஓவர்லோடில் ஒருமுறை பிடிபட்டால் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் மேலும், மிச்ச சரக்கை அங்கேயே இறக்கவும் சொல்வார்கள். மூன்றரை மாத மிச்சம் ஒரே நாளில் போச்சு. கிளட்ச், பட்டை, டயர் தேய்மானத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

இன்னொன்று. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு பெர்மிட் வேண்டாம், இன்ட்ரா அதில் வந்துவிடும். 1.7 டன் பொலேரோ 3,000-ஐத் தாண்டும், பெர்மிட் தேவை. பேர் மாற்றும்போது பெர்மிட்டும் உங்கள் பேருக்கு மாறுகிறதா என்று பாருங்கள். எஃப்சி (தகுதிச் சான்று) இரண்டுக்கும் ஒரே கணக்கு: 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடா வருடம்.

என் முடிவு பொலேரோதான். ஆனால் அந்த 1,10,000 கி.மீ. எப்படி ஓடியது என்று தெரிந்த பிறகு.

பட்டறைமேசை:
அந்த 1,10,000 எப்படி ஓடிச்சுன்னு வண்டியே சொல்லும் அண்ணே. காலையில இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வச்சிருந்தா, அன்னிக்குத் திரும்பி வந்து இன்னொரு நாள் போங்க.

முதல்ல ஆயில் டிப் ஸ்டிக். அளவு மேல் கோட்டைத் தாண்டி நிக்குதா, மோந்து பாத்தா டீசல் வாடை அடிக்குதான்னு பாருங்க. பிஎஸ்-6ல சைலன்சர் லைன்ல டிபிஎஃப்னு ஒரு வடிகட்டி இருக்கு. அதுல சேர்ற கரியை எரிக்க, கம்ப்யூட்டரே கொஞ்சம் கூடுதல் டீசல் அடிச்சு 600 டிகிரி வரைக்கும் சூடாக்கும். அது முடியறதுக்குள்ள வண்டியை ஆஃப் பண்ணிக்கிட்டே இருந்தா, எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியா ஆயில்ல இறங்கும். ஆயில் தண்ணி மாதிரி ஆகி பேரிங்கும் டர்போவும் தேயும். சின்னச் சின்ன டிரிப்பா டவுனுக்குள்ளயே ஓடின வண்டியில இதுதான் பெரிய சாபம். மார்க்கெட்ல ஒரு மணி நேரம் ஐட்லிங்ல நிறுத்துறதும் அதே கதைதான். உங்க ரூட்டுல அந்தப் பயம் குறைவு, நாலுவழிச் சாலையில 20 நிமிஷம் ஒரே வேகத்துல போனாலே எரிஞ்சு முடிஞ்சிரும்.

ரெண்டாவது, சைலன்சர் வாய்க்குள்ள விரலை விட்டுத் தேய்ச்சுப் பாருங்க. டிபிஎஃப் உயிரோட இருந்தா விரல்ல கரி ஒட்டவே ஒட்டாது. மை மாதிரி வந்தா அது உடைஞ்சிருக்கு, இல்ல வெட்டி எடுத்துட்டு வெறும் பைப் வச்சிருக்காங்க. கீழ படுத்து அந்த டப்பாவைச் சுத்திப் புது வெல்டிங் இருக்கான்னு பாருங்க. இருந்தா வண்டி வேணாம். திரும்பப் போடுற செலவு உங்க தலையில, எஃப்சி, புகை சோதனையிலயும் சிக்கல்.

மூணாவது ஸ்கேனர், வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற கருவி. கரி எவ்வளவு சேர்ந்திருக்கு, கடைசியா எரிச்சு எத்தனை கி.மீ. ஆச்சுன்னு ரெண்டு எண்ணையும் கேட்டு எழுதிக்கங்க. அடிக்கடி எரிக்குதுன்னா சாம்பல் சேர்ந்திருக்குன்னு அர்த்தம். கரி எரியும், சாம்பல் எரியாது. அது பெரும்பாலும் ஆயில்ல இருந்து வர்றது. அதனாலதான் புக்குல போட்டிருக்கிற சாம்பல் குறைஞ்ச ஆயிலையே ஊத்தணும், விலை கம்மின்னு பழைய கிரேடை ஊத்தக் கூடாது.

நாலாவது இன்ஜெக்டர் ரிட்டர்ன், அதாவது இன்ஜெக்டர்ல மிஞ்சித் திரும்புற டீசல். நாலு இன்ஜெக்டர் ரிட்டர்ன் குழாயையும் நாலு பாட்டில்ல விட்டு ஒரு நிமிஷம் ஐட்லிங்ல ஓட விடுங்க. நாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு நிக்கணும். ஒண்ணு மட்டும் ரெண்டு மடங்கு இருந்தா அது தேஞ்சு போச்சு. சூட்டுல ஸ்டார்ட் ஆகாம இழுக்கிறதுக்கு முக்கியக் காரணம் இதுதான்.

டீசல் மூடி பக்கத்துல நீல மூடி இருந்தா ஆட்ப்ளூ வண்டி, புகையைச் சுத்தமாக்க யூரியா கரைசல் ஊத்துற வண்டி. டீசல்ல 3-லிருந்து 5 சதவீதம் அதுவும் குடிக்கும், 1,000 கி.மீ.க்கு 3, 4 லிட்டர்னு கணக்குல சேருங்க. சீல் உடையாத கேன் மட்டும் வாங்குங்க, தண்ணி கலந்து ஊத்தினா சென்சார் கண்டுபிடிச்சு இழுவையைக் குறைச்சிரும்.

ஏத்தம்இறக்கம்:
பட்டறைமேசை சொன்னதோடு கிளட்சையும் பாருங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடவும். இன்ஜின் உடனே திணறி நின்றால் நல்லது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. மலை ஓட்டமென்றால் உடனே பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடும் பழக்கம் இருந்தால் அதை இன்றே விடுங்கள். இந்த இன்ஜின்களில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் டீசல் அடிப்பது நின்றே விடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால்தான் ஐட்லிங்குக்கு டீசல் செலவாகும். இன்ஜினையே ஆஃப் செய்தால் வேக்கம் பம்ப் நின்று, இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான். பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடிக்காது. பிரேக் ஆயிலைக் குறைந்தது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவும். அது ஈரத்தை இழுக்கும், சூட்டில் அந்த ஈரம் ஆவியானால் பெடல் தரைக்குப் போய்விடும்.

திண்டுக்கல்–மதுரை ரோட்டில் 60-65 போதும். 60-ல் இருந்து 80-க்குப் போனால் காற்றுத் தடை கிட்டத்தட்ட 78 சதவீதம் கூடும். தார்ப்பாய் படபடவென்று அடிக்காமல் முன் மூலைகளை இறுக்கிக் கட்டுங்கள்.

காய்வண்டி57:
ரொம்ப நன்றி. பொலேரோவில் பின்டயர் இரண்டும் 7.00 ஆர்15, முன்னால் 215/75 ஆர்15 போட்டிருக்கிறார்கள். அது பரவாயில்லையா? பட்டை விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கணக்கு_நோட்டு:
பரவாயில்லை என்று சொல்ல முடியாது. 7.00 ஆர்15 விட்டம் சுமார் 74 செ.மீ., 215/75 ஆர்15 சுமார் 70 செ.மீ. நாலுக்கும் ஆர்சி, புக்கில் உள்ள ஒரே சைஸ் போட்டுக் கேளுங்கள், இல்லையென்றால் விலையில் குறையுங்கள்.

டயர் சைஸ் மைலேஜ் கணக்கையும் ஏமாற்றும். சின்ன டயருக்கு அமைத்த மீட்டரோடு பெரிய டயர் ஓடினால் மீட்டர் 5 சதவீதம் போலக் குறைத்துக் காட்டும். மொட்டை டயர் என்றால் 2, 3 சதவீதம் கூட்டிக் காட்டும். புது டயர் போட்டதும் மைலேஜ் குறைந்துவிட்டது என்று நிறையப் பேர் சொல்வதில் பாதி இதுதான். வாங்கிய பிறகு ஒரே பங்க், ஒரே பம்ப், துப்பாக்கி முதல் தடவை கட் ஆகிற வரை டேங்க் நிரப்புங்கள். 500 கி.மீ.க்குக் குறையாமல் ஓடிவிட்டு அதேபோல் நிரப்பி வகுத்துப் பாருங்கள். மூன்று தடவை செய்து சராசரி எடுத்தால்தான் அது மைலேஜ்.

பட்டறைமேசை:
பட்டை சேர்க்காதீங்க அண்ணே. பட்டை தாங்கும், ஆனா ஹவுசிங் (பின் ஆக்சில் கூடு), வீல் பேரிங், டயர், சேஸ் எதுவும் கூடலையே? பட்டை உடையறதுக்குப் பதிலா ஹேங்கர் பிராக்கெட் பக்கம் சேஸ் விரியும். பின்பக்கம் தூக்கி நிக்கிறதால புரொப்பல்லர் ஷாஃப்ட் கோணம் மாறி ஜாயிண்ட் கிராஸ் சீக்கிரம் போகும்.

அதைவிட ஆபத்து பிரேக்ல இருக்கு. நிறைய பிக்கப்ல பின் ஹவுசிங்குக்கும் சேஸுக்கும் நடுவுல ஒரு கம்பி, வால்வோட மாட்டியிருக்கும். லோடு ஏறி சேஸ் இறங்கினா, அந்த வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். பட்டை சேர்த்தா 1,600 கிலோ ஏத்தினாலும் சேஸ் இறங்காது. வண்டி காலின்னு வால்வு நினைச்சுக்கும், பின் பிரேக் பாதிதான் பிடிக்கும். முழு வேலையும் முன் பிரேக் மேல விழும். கொடைக்கானல் இறக்கத்துல முன் டிஸ்க் நீலமாகிற அளவுக்குக் காயறது இதனாலதான். பார்க்கப் போற பொலேரோலயும் யாராவது பட்டை சேர்த்திருக்காங்களான்னு எண்ணிப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையா, யூ போல்ட் புதுசா, அந்த வால்வுக் கம்பி மாட்டியிருக்கா, கழட்டிக் கட்டிப் போட்டிருக்காங்களா. கட்டிப் போட்டிருந்தா முதல் லோடு ஏத்துறதுக்கு முன்னாடி அதை மாட்டி செட் பண்ணுங்க, மத்த வேலையெல்லாம் அப்புறம்.