நிலாவாரைக் கஷாயத்தைத் தினமும் குடிக்கலாமா?

வள்ளியூர் வாசகி:
64 வயதான என் தாயார் மலச்சிக்கலுக்காக நிலாவாரை இலையைக் கைப்பிடி அளவு கொதிக்க வைத்து, பல மாதங்களாக இரவுதோறும் குடித்து வருகிறார். தொடக்கத்தில் நன்றாகக் கேட்டது. இப்போது குடிக்காத நாளில் வயிறு அசைவதே இல்லை என்று இலையின் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார். இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறார். இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதை வயதின் கோளாறு என்கிறார். போதாததற்கு, உடல் இளைக்கும் என்று கேள்விப்பட்டு, கல்லூரியில் படிக்கும் என் மகளும் அதே இலையில் தேநீர் போட்டுக் குடிக்கிறாள். நம் மண்ணில் விளையும் மூலிகையால் கெடுதல் வருமா?

சாத்தான்குளம் விவசாயி:
நம் மண்ணில் விளைந்தாலும் இதன் பூர்வீகம் அரேபியா, சூடான், சோமாலியா பக்கத்துப் பாலைநிலம். வேரில் தண்ணீர் தேங்கினால் செடி அழுகிவிடும் என்பதால் நம்முடைய மானாவாரிக் காடுகள் அதற்கு ஒத்துப்போயின. நிழலில் உலர்த்திய இலை, ‘திருநெல்வேலி சென்னா’ என்ற பெயரிலேயே தூத்துக்குடி வழியாக வெளிநாடுகளுக்குப் போகிறது. வாங்குகிறவர்கள் அதை மருந்தாகத்தான் வாங்குகிறார்கள், கீரையாக அல்ல.

பாளையங்கோட்டை சித்த மருத்துவர்:
இலையிலும் காயிலும் உள்ள சென்னோசைடு என்னும் பொருள் சிறுகுடலில் பெரும்பாலும் உறிஞ்சப்படாமல் பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை வீரியமுள்ள பொருளாக மாற்றிய பிறகுதான் குடலின் அசைவு கூடி, நீர் உறிஞ்சப்படுவது குறைந்து, மலம் இளகுகிறது. இரவில் குடித்தால் காலையில் வேலை செய்வது இதனால்தான். எப்போதாவது வரும் மலச்சிக்கலுக்கு இது நல்ல மருந்து என்பதில் எனக்கு ஐயமில்லை. நிலாவாரையைக் கொண்டு செய்யும் நிலவாகைச் சூரணத்தில் சுக்கும் ஓமமும் சேர்வதற்கு, இந்த இலை தரும் வயிற்று முறுக்கைத் தணிப்பதும் ஒரு காரணம்.

ஆனால் மருத்துவர் மேற்பார்வையின்றி ஓரிரு வாரங்களுக்கு மேல் தொடரக் கூடாது. உலர்ந்த இலை நாளொன்றுக்கு 1 முதல் 2 கிராம் என்பதே வழக்கமான அளவு. கைப்பிடி என்பது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. தங்கள் தாயாரைப் பொறுத்தவரை, எனக்குக் கவலை தருவது கெண்டைக்கால் பிடிப்புதான். பேதியிலும் பொட்டாசியம் போகும், பெரும்பாலான நீர் மாத்திரைகளாலும் போகும். இரண்டும் சேர்ந்தால் தசைப்பிடிப்போடு நிற்காமல் இதயத் துடிப்பின் சீரும் கெடக்கூடும். கஷாயத்தை இன்றே நிறுத்திவிட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்தவரிடம் விவரத்தைச் சொல்லி, இரத்தத்தில் பொட்டாசியம் அளவைப் பாருங்கள். நீர் மாத்திரையைத் தாங்களாக நிறுத்த வேண்டாம். குடல் பழைய நிலைக்குத் திரும்பச் சில காலம் ஆகலாம். அதுவரை என்ன கொடுப்பது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

காரணம் தெரியாத வயிற்றுவலி, குடலடைப்பு, குடல் அழற்சி உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. கர்ப்பிணிகளும் 12 வயதுக்கு உட்பட்டவர்களும் தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மருந்தாளுநர், நெல்லை டவுண்:
தங்கள் மகளிடம் ஒன்றைச் சொல்லுங்கள். சாப்பாட்டின் சத்து பெரும்பாலும் சிறுகுடலிலேயே உடம்பில் சேர்ந்துவிடுகிறது. நிலாவாரை வேலை செய்வதோ அதைத் தாண்டிய பெருங்குடலில். ஆகவே எடை இயந்திரத்தில் குறைவது கொழுப்பு அல்ல, நீர்தான்; அது மறுநாளே திரும்பிவிடும். ‘இளைக்க வைக்கும் மூலிகைத் தேநீர்’ என்று விற்கும் பொட்டலங்கள் சிலவற்றிலும் இதே இலைதான் இருக்கிறது, விலை மட்டும் பல மடங்கு.

வள்ளியூர் வாசகி:
மிக்க நன்றி. நாளைக் காலையிலேயே பரிசோதனைக்கு அழைத்துச் செல்கிறோம். தாயாரின் சிறுநீர் சில நாட்கள் செம்மஞ்சளாகப் போகிறது. அதற்கும் இதுதான் காரணமா?

பாளையங்கோட்டை சித்த மருத்துவர்:
இந்த இலையால் அப்படி நிறம் மாறுவது உண்டு, அதனால் கேடில்லை. நிறுத்திய பிறகும் நிறம் மாறாவிட்டால் சிறுநீரையும் பரிசோதித்துவிடுங்கள்.