வான்கோழி முட்டை: மலையில் அடைக்கோழியா, இன்குபேட்டரா?

தலவாக்கலை வாசி: நத்தாருக்கு விற்க வான்கோழி வளர்க்கப் போகிறேன். குருநாகல் பக்கத்திலிருந்து ஒரு டஜன் முட்டை வருகிறது. இறைச்சிக்கு வளர ஐந்து மாதமாவது வேண்டும், அதனால் ஜூன் தொடக்கத்திலேயே அடைக்கு வைத்தாக வேண்டும். வீட்டில் நாட்டுக்கோழி ஒன்று அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன், கரண்டில் சூடாக்கி முட்டை பொரிக்க வைக்கும் ரெஜிபோம் பெட்டி இன்குபேட்டர் தருகிறேன் என்கிறார். எதில் வைக்கலாம்?

நானுஓயா கோழிக்காரர்: கோழியில் வை தம்பி. வான்கோழி முட்டைக்கு 28 நாள். அத்தனை நாளும் கரண்ட் போகாமல் இருக்குமா? 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்களே. இப்போது அந்த அளவு இல்லைதான், ஆனால் ஜூன் மழையில் மரம் விழுந்து லைன் அறுந்தால் யார் உடனே வந்து கட்டுவது? இங்கே ராத்திரி குளிரில் ரெஜிபோம் பெட்டி எவ்வளவு நேரம் சூடு தாங்கும்? கோழி நெஞ்சுச் சூடு அணைவதில்லை.

பண்டாரவளை அக்கா: முட்டை பொரிவதோடு கதை முடியவில்லை அண்ணே. கருந்தலை நோயை மறந்துவிட்டீர்கள். நாட்டுக்கோழி குடலில் இருக்கும் சிறு புழுவின் முட்டையோடு அந்தக் கிருமி மண்ணுக்கு வரும். கோழிக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. வான்கோழிக் குஞ்சுக்கு ஈரலையே தின்றுவிடும், எச்சம் கந்தக மஞ்சளாகப் போகும், கூட்டத்தில் பெரும்பகுதி போய்விடும். அம்மாக் கோழியோடு முற்றத்தில் கிளறவிட்டால் அந்த ஆபத்தை நாமே கூட்டிக்கொண்டு வருகிறோம். வான்கோழி வளர்க்கும் இடத்தில் கோழி மேயவே கூடாது. அதனால்தான் நான் இன்குபேட்டர் பக்கம்.

நானுஓயா கோழிக்காரர்: அடைக்கு வைக்கும் முன்னமே கோழிக்குப் பூச்சி மருந்து கொடுத்து, பேனும் பார்த்துவிட வேண்டும். அது நமது வேலை. ஆனால் பெட்டிக் குஞ்சுக்குத் தின்னச் சொல்லிக் கொடுப்பது யார்? தீனித் தட்டிலேயே நின்றுகொண்டு பட்டினியால் சாகிற குஞ்சு வான்கோழிக் குஞ்சுதான். அம்மா கொத்திக் காட்டினால் உடனே பிடித்துக்கொள்ளும்.

பண்டாரவளை அக்கா: அது உண்மை, மறுக்க மாட்டேன். முதல் சில நாள் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் தட்டிக் காட்ட வேண்டும். அவித்த முட்டையைப் பொடியாக நறுக்கித் தீனிமேல் தூவுங்கள், நிறம் கண்டு கொத்தும். வழுக்கும் பத்திரிகைத் தாளை விரிக்காமல் சொரசொரப்பான துணி போடுங்கள், இல்லாவிட்டால் கால் விரிந்துபோகும். முதல் வாரம் 35 பாகை சூடு, பிறகு வாரம் 3 பாகை குறைக்கலாம்.

தலவாக்கலை வாசி: பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார், நமது ஊர் பனிமூட்டத்துக்குப் பெட்டியில் தண்ணீர் வைக்கத் தேவையில்லையாம். சரியா அக்கா?

பண்டாரவளை அக்கா: இல்லை தம்பி, இதில்தான் பலர் முட்டையை இழக்கிறார்கள். 15 பாகைக் குளிர் காற்றில் பனி நிறைந்திருந்தாலும் அதிலுள்ள நீராவி கொஞ்சம்தான். அதே காற்றை 37.5 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதன் 25 வீதத்துக்கு இறங்கிவிடும். வான்கோழி முட்டைக்கு முதல் 25 நாள் 55 முதல் 60 வீதம் வேண்டும், கடைசி மூன்று நாள் 70க்குக் கிட்ட. தண்ணீர்த் தட்டு கட்டாயம். எங்கள் ஊவா பக்கம் ஜூலையில் காய்கிற காற்றுக்கு இன்னும் அதிகம் பார்க்க வேண்டும்.

ஹட்டன் மாஸ்டர்: ஒன்று சேர்க்கிறேன். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தலவாக்கலை அதைவிடத் தாழ்வு, ஆனாலும் அங்கேயும் ஓட்டின் நுண்துளை வழியாக நீர் வேகமாக வெளியேறும். குருநாகல் வான்கோழி இட்ட முட்டையின் ஓடு அந்த ஊர் காற்றுக்கானது, மலைக்கு வந்தால் கூடுதலாகக் காயும். வந்த முட்டையை ஒரு ராத்திரி கூர்முனை கீழாக வைத்துவிட்டு அடைக்கு வையுங்கள். இன்னொன்று, தெர்மாமீற்றரைக் கொதிதண்ணீரில் வைத்து 100 காட்டுகிறதா என்று பார்க்காதீர்கள். நமது உயரத்தில் தண்ணீர் அதற்கு முன்னமே கொதித்துவிடும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீற்றரோடு ஒத்துப் பார்ப்பது நல்லது.

நானுஓயா கோழிக்காரர்: இவ்வளவு கணக்கும் எதற்கு? கோழி இதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும். உருட்டுவதும் அதுவே.

ஹட்டன் மாஸ்டர்: பார்க்கும் அண்ணே. ஆனால் வான்கோழி முட்டை பெரிது, சின்ன நாட்டுக்கோழி ஐந்து ஆறுக்கு மேல் மூடாது. டஜனையும் வைத்தால் ஓரத்து முட்டை குளிரும், அது உருட்டும்போது இன்னொன்று ஓரத்துக்குப் போகும். முடிவில் எல்லாமே கெட்டுப்போகும்.

தலவாக்கலை வாசி: அப்போது ஆறு கோழிக்கு, ஆறு பெட்டிக்கு. கோழி அடைகாக்கும் ஆறு முட்டையையும் 25ஆம் நாள் பெட்டிக்கு மாற்றிவிட்டால் குஞ்சு கோழியைத் தொடாதுதானே?

பண்டாரவளை அக்கா: அதைத்தான் நானும் செய்யச் சொல்வேன். கையைக் கழுவிவிட்டு, எச்சம் ஒட்டிய முட்டையை விட்டுவிட்டு மற்றதை மாற்றுங்கள்.

நானுஓயா கோழிக்காரர்: நான் இதற்குச் சம்மதிக்க மாட்டேன். 25 நாள் பட்டினியும் தாகமுமாய் உட்கார்ந்த கோழியிடமிருந்து முட்டையைப் பறித்தால் அது கூட்டையே சுற்றிச்சுற்றித் தேடும். பாவம். செய்வதானால் அன்றைக்கே ராத்திரி நாட்டுக்கோழிக் குஞ்சு நாலைந்து வாங்கி அதன் இறகுக்குள் விடுங்கள்.

தலவாக்கலை வாசி: கட்டாயம் விடுகிறேன் அண்ணே. குஞ்சு எந்த நாளுக்கு வேண்டும் என்று இன்றைக்கே சொல்லிவைக்கிறேன்.