செப்டம்பர் 12, அத்திக்கோடு வீட்டு குரூப்

பெரிய மாமா: இன்னிக்கு ஸ்வர்ணலதா போயிச் சேர்ந்த நாளு. 2010ல. 37 வயசுதான் அந்தப் புள்ளைக்கு. காலைல இருந்து மனசுக்குள்ள அந்தக் கொரலே ஓடிட்டு இருக்குது.

கவி: அப்பா அவங்க நெசமாவே நம்ம அத்திக்கோடுதானா? காலேஜ்ல சொன்னா ஒருத்தியும் நம்ப மாட்டேங்கறா

பெரிய மாமா: நம்ம பாலக்காட்டு சித்தூர் தாலூக்கா அத்திக்கோடேதான் கண்ணு. 1973 ஏப்ரல்ல பொறந்தது. அவங்கப்பா செருகுட்டி ஆர்மோனியம் வாசிப்பாரு, பாடவும் செய்வாரு. பொறவு குடும்பத்தோட கர்நாடகா பத்ராவதி பக்கம் போயிட்டாங்க, அங்கிருந்து மெட்ராஸ். 87ல நீதிக்கு தண்டனை படத்துல எம்எஸ்வி யேசுதாஸ் கூட பாட வெச்சாரு, அப்ப 14 வயசு. நம்மூர்ப் புள்ளன்னு எனக்கே ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும்

ரமேஷ் அண்ணன்: ஸ்வர்ணலதா நல்லாத்தான் பாடுவாங்க மாமா ஆனா எனக்கு ஜானகியம்மா தான் எப்பவும். குண்டூர் பக்கம் பொறந்தவங்க, செந்தூரப் பூவேக்கு 77ல தேசிய விருது, அப்புறம் மலையாளத்துல ஓப்போள் படத்துக்கு ஒண்ணு, தெலுங்குல சிதாராவுக்கு ஒண்ணு, திரும்ப தமிழ்ல தேவர் மகன். மூணு மொழி! கொஞ்சும் சலங்கைல காருகுறிச்சி நாதஸ்வரத்துக்கு ஈடு குடுத்து சிங்காரவேலனே பாடினத கேட்டுப்புட்டு வேற யாரச் சொல்றது

பெரிய மாமா: அதுல மறுபேச்சே இல்ல மாப்ள

கவி: சித்ரா சேச்சிய விட்டுட்டீங்க எல்லாரும் 😡 எங்க ஹாஸ்டல்ல பரீட்சைக்கு முந்தின நாள் ஒவ்வொரு பூக்களுமே போடாம ஒருத்தியும் தூங்க மாட்டா. ஃபெயிலாயிருவோம்னு அழுதுட்டு இருந்தவ எந்திரிச்சு மூஞ்சி கழுவிட்டு புக்க எடுத்தா, நான் கண்ணால பாத்தது

நான்: கவி சொல்றது சரிதான், சித்ரா பாடினா தோள்ல கை போட்ட மாதிரி இருக்கும். ஜானகியம்மா பாட்டுல அந்தப் பொண்ணே நம்ம முன்னாடி வந்து நின்னு அழுவா சிரிப்பா, மூச்சு வாங்கறது வரைக்கும் கேக்கும். ஆனா ஸ்வர்ணலதா கேக்கறப்ப எனக்கு வேற மாதிரி ஆவுது, அவங்க அழ மாட்டாங்க. போறாளே பொன்னுத்தாயி கேட்டுப் பாருங்க, அவ்வளவு பெரிய துக்கம், விசும்பல் இல்ல, கொரல் ஒடையல, ஒரு ஒரு வரியும் முடியறப்ப கடைசி எழுத்த இழுக்காம கீழ எறக்கி வெச்சுட்டுப் போயிருவாங்க, நெறகொடத்த சிந்தாம எறக்கி வெக்கற மாதிரி, அந்த எடத்துல தான் எனக்குத் தொண்ட அடைக்கும். தினமும் பஸ்ல ஹெட்போன்ல கேட்டுட்டு வாளையாறு தாண்டறப்ப ஜன்னல் பக்கம் திரும்பிக்குவேன்

ரமேஷ் அண்ணன்: அது உண்மைதான். அதே 94ல தான் முக்காலா முக்காபுலாவும். ரெண்டும் ரகுமான், ரெண்டும் ஒரே கொரல்னு சொன்னா யாரு நம்புவா

பெரிய மாமா: போறாளேக்குத் தான் தேசிய விருது குடுத்தாங்க

நான்: மாலையில் யாரோவும் அப்படித்தான் மாமா. அது சந்தோசமான பாட்டுதான், ஆனாலும் கேட்டு முடிச்சா என்னமோ கைய விட்டுப் போன மாதிரி இருக்கும்

பொள்ளாச்சி சித்தி: நான் எல்லாம் படிச்சுட்டுத்தான் இருக்கறேன். அந்தப் போறாளே பொன்னுத்தாயி பாட்ட நம்ம வீட்ல போடறதில்லையே, ஏன்னு தெரியுமா புள்ளைகளா

கவி: ஆமா அத்தை, ஆத்தா அந்தப் பாட்டு வந்தாலே டீவி சேனல மாத்தச் சொல்லும். எதுக்குன்னு கேட்டா பேசாது

பொள்ளாச்சி சித்தி: 95 ஆவணில என் கல்யாணம். வீட்டு வாசல்ல தான் பந்தல், கொழிஞ்சாம்பாறைல இருந்து ரேடியோ செட்டு. காலைல இருந்து நல்ல நல்ல பாட்டாத்தான் போட்டுட்டு இருந்தாரு அந்தண்ணன். பொழுதோட பொள்ளாச்சிக்கு பொறப்படறதுக்கு நான் அம்பாசிடர்ல ஏறி உக்காந்தேன், ஒறம்பர எல்லாம் சுத்தி நிக்கறாங்க, அப்ப பாத்து கேசட்ட மாத்தி இதப் போட்டுட்டாரு. பொண்ணு போற நேரம் பொருத்தமா இருக்கும்னு நெனச்சுருப்பாரு பாவம். அந்த மொத வரி கொழாய்ல வந்ததும் பேசிட்டிருந்த சனம் பூராம் அப்படியே நின்னு போச்சு. என் சேலத் தலப்பு கார் கதவுல மாட்டிக்கிச்சு. அம்மா வந்து கதவத் தொறந்து தலப்ப எடுத்து, மண்ணத் தட்டி, மடிச்சு என் மடில வெச்சுது. மொகத்தப் பாக்கல. ஒரு வார்த்த பேசல. கதவச் சாத்திட்டு தள்ளி நின்னுக்கிச்சு. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்ட்ற வரைக்கும் அந்தத் தலப்ப நான் பிரிக்கவே இல்ல

நான்: சித்தி 😭

பெரிய மாமா: நீ பாக்காதது ஒண்ணு இருக்குது அம்மிணி. கார் கெளம்புனதும் அய்யன் கன்னுக்குட்டிக்கு தண்ணி காட்டிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனாரு. ரொம்ப நேரமா ஆளக் காணம்னு நான் கட்டுத்தறைக்குப் போனேன். வாளி கெணத்து மேட்டுலயே இருக்குது. அவரு கன்னுக்குட்டி தும்பப் புடிச்சுட்டு செவுத்தப் பாத்து நிக்கறாரு. பாட்டு முடிஞ்சு வேற பாட்டு வந்தும் நிக்கறாரு. நான் கூப்பிடாம திரும்பி வந்துட்டேன். இன்னிக்கு வரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல

பொள்ளாச்சி சித்தி: அண்ணா

பொள்ளாச்சி சித்தி: இத்தன வருசமா அய்யன் அன்னிக்கு கலங்கவே இல்லன்னு நெனச்சுட்டு இருந்தேனே

*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

ரமேஷ் அண்ணன்: மாமா நாளைக்கு போன் பண்றேன். இப்ப பேச முடியாது

கவி: எல்லாரும் ஒரு நிமிசம். நான் ரூம்ல மெதுவா அந்தப் பாட்டப் போட்டேன், ஆத்தா திண்ணைலதான் படுத்திருக்குதுன்னு நெனச்சேன், வாசப்படிகிட்ட நிக்குது

நான்: அய்யோ நிறுத்திடு கவி, அமுச்சிக்கு மனசு கஷ்டமாயிரும்

கவி: நிறுத்தத்தான் போனேன் அக்கா, கைய காட்டி வேண்டாம்னுடுச்சு. உள்ள வந்து கட்டல்ல உக்காந்துருக்குது

கவி: ஃபேன ஆஃப் பண்ணச் சொல்லுது, சரியா கேக்கலையாம்

பெரிய மாமா: பண்ணு கண்ணு. நான் வரேன்

கவி: முடிஞ்சுது. இன்னொருக்கா போடுன்னுச்சு. போட்டுட்டேன். இது யாரு பாடறதுன்னு கேட்டுது, நம்ம அத்திக்கோட்டுப் புள்ள ஆத்தான்னு சொன்னேன், யாரூட்டுப் புள்ளைன்னு கேக்குது

பொள்ளாச்சி சித்தி: அம்மாகிட்ட போனக் குடு