சிடி ஸ்கேன் சாயம் ஒத்துக்கொள்ளாத அம்மாவுக்குக் கண் ஆஞ்சியோ எடுக்கலாமா?

கேள்வி:
வணக்கம். என் அம்மாவுக்கு வயது 63. 16 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். தினசரிக் காலண்டரின் தேதி வலக்கண்ணுக்கு நெளிந்து தெரிகிறது என்றதால் விழித்திரை மருத்துவரிடம் காட்டினோம். அவர் ஓசிடி (விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஸ்கேன்) எடுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் ஃபுளோரெசின் என்ற சாயத்தை ஏற்றிக் கண்ணின் இரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஃபுளோரெசின் ஆஞ்சியோகிராம் எடுக்க எழுதிக் கொடுத்திருக்கிறார். இதயத்துக்குச் செய்வதுபோல் தொடையில் குழாய் விடுவார்களோ என்பது அம்மாவின் பயம். என் கவலை வேறு. நான்கு ஆண்டுகளுக்கு முன் சிடி ஸ்கேனுக்குப் போட்ட சாயத்தால் அவருக்கு உடம்பெல்லாம் தடிப்பு எழும்பியது; சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினினும் இப்போது 1.4 இருக்கிறது. இந்தச் சாயத்தைப் போடலாமா? சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

மறுமொழி 1 (கண் படப்பிரிவில் பணிபுரிபவர்):
குழாய் எதுவும் விடமாட்டார்கள் என்று அம்மாவிடம் முதலில் சொல்லிவிடுங்கள். கை நரம்பில் ஓர் ஊசி மட்டும்தான். சாயம் என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் அழைப்பதால்தான் இந்தக் குழப்பம். சிடி ஸ்கேனுக்குப் போடுவது அயோடின் கலந்தது. ஃபுளோரெசினில் அயோடின் இல்லை, எனவே அது ஒத்துக்கொள்ளாதவருக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாது என்று பொருளில்லை. ஆனால் விழித்திரைக்கு அடியிலுள்ள இரத்தக்குழாய்களைப் பார்க்கப் போடும் பச்சைச் சாயமான இன்டோசயனின் கிரீனில் அயோடின் உண்டு. சில நேரம் இரண்டையும் சேர்த்தே எழுதுவார்கள் என்பதால், சீட்டில் எது இருக்கிறது என்று பாருங்கள். எதுவாக இருந்தாலும் பழைய தடிப்பைச் சொல்லாமல் ஊசிக்குக் கையை நீட்டக் கூடாது. அரிதாக ஃபுளோரெசினுக்கும் கடுமையான ஒவ்வாமை வருவதுண்டு.

வழக்கமான அளவு 10 விழுக்காட்டுக் கரைசலில் 5 மில்லி. போட்ட 10 முதல் 15 நொடிக்குள் சாயம் கண்ணுக்கு வந்துவிடும். நீல ஒளி பட்டதும் இரத்தக்குழாய்கள் மஞ்சள் பச்சையாக ஒளிரும். குழாய்ச் சுவர் பழுதான இடத்தில், ஈரத்துணியில் மை ஊறுவதுபோல் அந்த ஒளி மெல்லப் பரவும். அதைப் பிடிக்கத்தான் பல நிமிடங்கள் படமெடுக்கிறோம். சாயம் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் கிரியேட்டினின் அளவையும் சொல்லுங்கள், தேவையென்றால் மருத்துவர் சாயத்தின் அளவைக் குறைப்பார். மெட்ஃபார்மினை நிறுத்தும் பேச்சு அயோடின் சாயத்துக்கானது. நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மறுமொழி 2:
சாயமே இல்லாத ஓசிடி ஆஞ்சியோ வந்துவிட்ட பிறகு இந்த வேதனை எதற்கு? அதையே கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி 1:
நல்ல கேள்விதான். ஆனால் அது இரத்தம் ஓடும் பாதையைக் காட்டுமே தவிர, கசிவைக் காட்டாது. கசியும் இடத்தைத் தேடித்தான் மருத்துவர் எழுதியிருக்கிறார் என்றால், அது இதற்கு மாற்றாகாது.

மறுமொழி 3:
எனக்கு இருமுறை எடுத்திருக்கிறார்கள். ஊசி போட்ட அரை நிமிடத்தில் வயிற்றைப் புரட்டியது, மூச்சை ஆழ இழுத்துவிட்டதும் அடங்கிவிட்டது. தோல் சில மணி நேரம் மஞ்சளாக இருக்கும், சிறுநீர் மறுநாள் வரைகூட ஆரஞ்சு நிறத்தில் போகும். மஞ்சள் காமாலை என்று பதற வேண்டாம். சாயம் சில சோதனை முடிவுகளைக் குழப்பக்கூடும் என்பதால் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை வைத்துக்கொள்ளாதீர்கள். கை எரிந்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள். மருந்து நரம்புக்கு வெளியே போனால் நன்றாக வலிக்கும்.

கேட்டவர்:
நேற்று எடுத்து முடித்தோம், அனைவருக்கும் நன்றி. சீட்டில் ஃபுளோரெசின் மட்டுமே இருந்தது. பழைய தடிப்பைச் சொன்னதும் செவிலியர் மருத்துவரை அழைத்து வந்து காட்டினார். கை நரம்பில் செருகிய வென்ஃப்ளான் ஊசிக்குழாயை உடனே எடுக்காமல் அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தார்கள். குமட்டல்கூட வரவில்லை. நீல வெளிச்சம் அணைந்ததும் அறை முழுக்க ரோஜா நிறமாகத் தெரிந்ததாக அம்மா சொன்னார். வலக்கண்ணில் இரண்டு இடங்களில் கசிவு இருக்கிறது, சிகிச்சையைத் திங்கட்கிழமை முடிவு செய்வார்கள். சிடி சாயம் ஒவ்வாமை என்று கோப்பின் அட்டையில் சிவப்பு மையால் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.